மஞ்சக்காமாலையும் டிஸ்சார்ஜ் சம்மரியும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அக்கா, ஹாஸ்டல்ல இருக்கற என் பையனுக்கு மஞ்சக்காமாலை வந்து கோயமுத்தூர்ல ஒரு ஆஸ்பத்திரில சேத்தோம், இப்ப நல்லாயிட்டான். ஆனா இன்சூரன்ஸ் பேப்பர்ல 'வைரல் ஹெபடைட்டிஸ், பி15.9'னு போட்டிருக்கு. என் நாத்தனார் அதைப் பாத்துட்டு இது பி டைப்பு, ஆயுசுக்கும் போகாதுன்னு சொல்லிட்டாங்க, இப்ப வீட்டுல அவனுக்குத் தனித் தட்டு தனி டம்ளர். எனக்குத் தூக்கமே போச்சுங்க.
ஒரு அம்மா, கொழிஞ்சாம்பாறை

பதில்: நிம்மதியாத் தூங்குங்கம்மா. பி15.9ங்கறது ஹெபடைட்டிஸ் ஏ. அந்த 'பி' வைரஸோட பேரு இல்லைங்க, உலக சுகாதார நிறுவனத்தோட ஐசிடி-10ல, அதாவது ஒவ்வொரு நோய்க்கும் ஒரு கோடு குடுக்கற பட்டியல்ல, பெரும்பாலான தொத்துநோய்களை ஏ00ல ஆரம்பிச்சு பி99 வரைக்கும் வரிசையா அடுக்கியிருக்காங்க, அதுல கல்லீரல் வைரஸ் எல்லாம் பி15ல இருந்து பி19க்குள்ள வருது. ஏ டைப்புக்கு பி15, புதுசாத் தொத்தின பி டைப்புக்கு பி16, ஈ டைப்புக்கு பி17.2, நாள்பட்ட பி-ன்னா பி18.1, நாள்பட்ட சி-ன்னா பி18.2. புள்ளிக்கு அப்புறம் இருக்கற 9, கோமா அளவுக்குப் போகலைன்னு சொல்றதுக்கு.

இருந்தாலும் என் பேச்சை மட்டும் நம்பி விட்டுராதீங்க, லேப் ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்க. ஐஜிஎம் ஆன்ட்டி ஹெச்ஏவி (ஏ வைரஸ் புதுசாத் தொத்தினதைக் காட்டற டெஸ்ட்) பாசிட்டிவ், ஹெச்பிஎஸ்ஏஜி (பி வைரஸ் உடம்புல இருக்கான்னு காட்டற டெஸ்ட்) நெகட்டிவ்னு இருந்தா நாத்தனார்கிட்ட அந்த ரெண்டு வரியையும் காட்டுங்க. ஏ டைப் கெட்டுப்போன தண்ணி, சாப்பாடு வழியா வர்றது, 2024ல எர்ணாகுளம் வேங்கூர்ல பரவுனதும் இதேதான். நாள்பட்டு உடம்புல தங்காது, ஒருதடவ வந்தா மறுபடி வர்றதில்லை. கக்கூஸ் போயிட்டு சோப்புப் போட்டுக் கை கழுவறது, தண்ணியைக் கொதிக்கவச்சுக் குடிக்கறது, வீட்டுல எல்லாரும் இதைப் பாத்துக்கங்க. சொல்லப்போனா பி டைப்பே தட்டு டம்ளர்ல ஒட்டறதில்லைங்க, அது ரத்தம், ஊசி, உடலுறவு, பிரசவத்துல தாய்கிட்ட இருந்து பிள்ளைக்குன்னு பரவறது. உண்மையிலேயே பி இருக்கறவங்களையும் இப்படி ஒதுக்கி வைக்கக்கூடாது.

எனக்குக் கோபம் வர்றது அந்த 'வைரல் ஹெபடைட்டிஸ்'ங்கற மொட்டை வார்த்தை மேலதான். பக்கத்துல 'டைப் ஏ'ன்னு ஒரு எழுத்து சேத்திருந்தா உங்க வீட்டுல இத்தனை ரகளை வந்திருக்காது. ஆஸ்பத்திரி மெடிக்கல் ரெக்கார்ட்ஸ்ல போய், சம்மரில டைப்பையும் டெஸ்ட் ரிசல்ட்டையும் டாக்டர் கையெழுத்தோட சேத்துத் தரச்சொல்லி எழுத்துல குடுங்க. நோயாளி கேட்டா 72 மணி நேரத்துக்குள்ள ரெக்கார்ட் தரணும்னு 2002ல வந்த மெடிக்கல் கவுன்சில் விதியே இருக்கு, தயங்காமக் கேளுங்க. ஆமா, பையனுக்கு வீட்டுல கீழாநெல்லியோ வேற மருந்தோ குடுத்திருந்தா அதையும் டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லிருங்க, மருந்தால கல்லீரல் கெட்டா அதுக்கு கே71னு வேற கோடு, வைத்தியமும் வேற.

கேள்வி: அக்கா, நான் வேலந்தாவளத்துல இருந்து தினம் பஸ்ல கோயமுத்தூர் போய் அமெரிக்க சார்ட் கோடிங் பண்றேன், அதாவது அங்கத்த நோயாளிங்க ரெக்கார்டைப் படிச்சு நோய்க்குக் கோடு போடற வேலை. ஒரு சார்ட்ல லேப்ல ஹெச்பிஎஸ்ஏஜி பாசிட்டிவ், ஆனா டாக்டர் 'வைரல் ஹெபடைட்டிஸ்'னு மட்டும் எழுதியிருக்கார். நான் பி16.9 போட்டேன், ஆடிட்ல எர்ரர் ஆயிருச்சு. ரிசல்ட்தான் கண்ணு முன்னாடி இருக்கே, எப்படித் தப்பாகும்?
ஒரு தங்கச்சி, வேலந்தாவளம்

பதில்: தப்புதான்டா, ஆடிட்டர் சொன்னது சரி. லேப் ஷீட்டைப் பாத்து நோயை நாம முடிவு பண்ணக்கூடாது, டாக்டர் எழுதினதைத்தான் கோடு பண்ணணும். அவர் எழுதின வார்த்தைக்கு பி19.9 மட்டும்தான் வரும். 'ஹெபடைட்டிஸ் பி'ன்னு எழுதி அக்யூட்டா (புதுசா) க்ரானிக்கான்னு (நாள்பட்டதான்னு) சொல்லாம விட்டிருந்தா உங்க ஐசிடி-10-சிஎம்ல, அதாவது அமெரிக்காவுல பயன்படுத்தற ஐசிடி-10ல, பி19.10.

நீ போட்ட பி16.9 புதுசாத் தொத்தின பி-க்கு உள்ளது. ஆனா ஹெச்பிஎஸ்ஏஜி புதுசுலயும் பாசிட்டிவ், இருபது வருஷமா இருக்கறவங்களுக்கும் பாசிட்டிவ். ஆறு மாசத்துக்கு மேல பாசிட்டிவாவே நின்னா க்ரானிக், ஐஜிஎம் ஆன்ட்டி ஹெச்பிசிங்கற இன்னொரு ரத்த டெஸ்ட் பாசிட்டிவா இருந்தா பெரும்பாலும் புதுசு, ஆனா க்ரானிக் ஆளுக்குத் திடீர்னு கிளம்பும்போதும் அது வரலாம், அதனாலதான் அந்த முடிவை டாக்டர் கையில விடறது. இதுல இன்னொண்ணு, பி வைரஸுக்கு எதிர்ப்பு சக்தி இருக்கான்னு பாக்கற ஆன்ட்டி ஹெச்பிஎஸ் மட்டும் பாசிட்டிவ்னா அது தடுப்பூசி போட்டதோட அடையாளமா இருக்கும், அதைப் பாத்து நோய்க்கோடு போட்றாத.

இந்த மாதிரி சார்ட்டுக்கு க்வெரி போடு, அதாவது டாக்டர்கிட்ட விளக்கம் கேட்டு எழுது. 'இது அக்யூட் பி தானே டாக்டர்?'னு கேக்கக்கூடாது, பதிலை நாமளே ஊட்டி விட்ட மாதிரி ஆயிரும். 'இந்தத் தேதில ஹெச்பிஎஸ்ஏஜி பாசிட்டிவ், ஐஜிஎம் ரிசல்ட் இது, தயவுசெஞ்சு டைப்பையும் அக்யூட், க்ரானிக், வேறு, தீர்மானிக்க முடியலைங்கறதுல எதுன்னும் குறிப்பிடவும்'னு கேளு. கர்ப்பிணி சார்ட்னா கர்ப்பத்துல வர்ற வைரல் ஹெபடைட்டிஸுக்கான ஓ98.4 வரிசை முதல்ல, பி-ல ஆரம்பிக்கற கோடு அதுக்கு அடுத்து. டாக்டர் 'ப்ராபபிள்'னு (இருக்கலாம்னு) எழுதியிருந்தா, அவுட்பேஷன்ட்ல அதை நோயாக் கோடு பண்ணக்கூடாது, அறிகுறியைத்தான் போடணும். இன்பேஷன்ட்ல டிஸ்சார்ஜ் அப்போ அப்படி இருந்தா நோய் உள்ள மாதிரியே போடலாம்.

கேள்வி: அப்பாவுக்கு ஹெபடைட்டிஸ் சி மாத்திரை 12 வாரம் சாப்பிட்டு முடிஞ்சு ரெண்டு வருஷமாச்சு. இப்பவும் எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் 'ஹெச்சிவி பாசிட்டிவ்'னே எழுதறாங்க. மாத்திரை வேலை செய்யலையா?
ஒரு மகன், குமுளி

பதில்: அதை வச்சுப் பயப்படாதீங்க தம்பி. ஹெச்சிவிங்கறது ஹெபடைட்டிஸ் சி வைரஸ், அதுக்கு எதிரா உடம்பு உண்டாக்கின எதிர்ப்புப் பொருளைப் பாக்கற ஆன்ட்டி ஹெச்சிவி டெஸ்ட் குணமானவங்களுக்கும் பாசிட்டிவாவே வரும். வைரஸ் போயிருச்சான்னு சொல்றது ஹெச்சிவி ஆர்என்ஏ டெஸ்ட், மாத்திரை முடிஞ்சு 12 வாரம் கழிச்சு எடுத்ததுல வைரஸ் இல்லைன்னு வந்திருந்தா குணம்னுதான் கணக்கு. அந்த டெஸ்ட் எடுக்கவே இல்லைன்னா இப்பவே எடுத்துருங்க. ரிப்போர்ட் கைல இருந்தா அதோட காப்பியை அப்பா ஃபைல்ல மேலாப்பல வச்சு, அட்மிஷன்லயே டாக்டர்கிட்ட காட்டி 'ஹெபடைட்டிஸ் சி, சிகிச்சை முடிஞ்சு குணம்'னு எழுதச் சொல்லுங்க, அப்பத்தான் பி18.2 மறுபடி மறுபடி ஏறாது. கல்லீரல் ஏற்கெனவே தழும்பேறி சிர்ரோசிஸ் ஆயிருந்தா மட்டும், குணமானாலும் ஆறு மாசத்துக்கு ஒருக்கா ஸ்கேன் பாக்கறதை விட்டுராதீங்க.