ஏறினது பவுண் இல்லை

கடிதம்:
வணக்கம் அக்கா. சாவகச்சேரியில இருந்து எழுதுறன். காணி வித்த காசு 30 லட்சம் கையில கிடக்கு. மகள் இப்ப ஓ.எல் படிக்கிறா. அமெரிக்க வட்டி, ட்ரம்ப் வரி, சண்டை எண்டு யூடியூபில ஒவ்வொரு நாளும் ஒவ்வொண்டு சொல்லுறாங்கள். கனடாவில இருக்கிற மச்சான்ர பேரில அமெரிக்க பங்கு வேண்டுவமோ, பவுண் வேண்டுவமோ? உலக நிலவரத்தைப் பாத்து எப்பிடி முடிவெடுக்கிறது?

பதில்:
தம்பி, போன கிழமை அம்மாவின்ர அந்திரட்டி முடிஞ்சு அலுமாரி ஒதுக்கேக்க அவவின்ர நிலையான வைப்புத் துண்டு கையில பட்டது, அதை வைச்சுக்கொண்டு இருந்த நேரம்தான் உங்கட கடிதம் வந்தது.

2021ல நாலு பரப்பு தோட்டக்காணி வித்து 20 லட்சம் போட்டவ. அப்ப டொலர் 200 ரூபா, அதாவது 10,000 டொலர். 2022 மார்ச்சில ரூபாயை மிதக்க விட்டாங்கள், அதாவது மத்திய வங்கி டொலர் விலையைப் பிடிச்சு வைக்கிறதை விட்டுட்டுது, மே மாசம் டொலர் 360. அதே 20 லட்சம் 5,500 டொலர் மட்டில ஆகிட்டுது. வங்கி ஒரு சதம் குறைக்கேல்லை, வட்டியும் ஒழுங்கா வந்தது, ஆனா செப்டெம்பரில விலைவாசி அதுக்கு முந்தின வருசத்தை விட 70 வீதம் கூட, அம்மா பிரஷர் குளிசையை ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டிருக்கிறா, எனக்குச் சொல்லவே இல்லை.

அப்ப சொந்தக்காரர் எல்லாரும் வந்து "பவுண் வேண்டியிருந்தா ஏறியிருக்குமே" எண்டு சொன்னவை. இதைத்தான் நான் எல்லாரோடையும் சண்டை பிடிச்சுச் சொல்லுறனான். 2022 தொடக்கத்தில உலகச் சந்தையில ஒரு அவுன்ஸ் 1,800 டொலர் மட்டில, வருசக் கடைசியிலயும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். பவுண் அசையேல்லை தம்பி, எங்கட ரூபாதான் விழுந்தது! யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதி நகைக்கடையில விலை ஏறினது எண்டால், அளக்கிற கோல் கட்டையாப் போச்சு எண்டுதான் அர்த்தம். பிறகு உண்மையாவே ஏறினது, அது வேற கதை: உக்ரைன் சண்டையோட ரஷ்ய மத்திய வங்கி வெளிநாட்டில வைச்சிருந்த 300 பில்லியன் டொலர் மட்டிலான கையிருப்பை மேற்கு நாடுகள் முடக்கினதைப் பாத்து, நாளைக்கு எங்களுக்கும் இப்பிடி நடக்கலாம் எண்டு மற்ற நாட்டு மத்திய வங்கிகள் வருசத்துக்கு 1,000 தொன்னுக்கு மேல வேண்டிச்சினம், 2025 மார்ச்சில விலை 3,000 டொலரைத் தாண்டிட்டுது. ரெண்டு ஏற்றத்துக்கும் காரணம் வேற. உங்கட யூடியூப்காரர் ரெண்டையும் ஒண்டாக் குழைச்சு விக்கிறாங்கள், நீங்களும் படிச்ச பிள்ளை, கேட்டுக்கொண்டு இருக்கிறீங்கள்.

பெரிய நாடுகளின்ர இழுபறி எண்டால் எங்கயோ தூரத்தில எண்டும் நினைக்காதேங்கோ. எங்கட யாழ்ப்பாணத் தீவுகள் நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மின்சாரத் திட்டத்தை 2021ல சீனக் கொம்பனிக்குக் குடுக்க, இந்தியா எதிர்க்க, சீனா விலக, பிறகு இந்தியா நன்கொடை எண்டு வந்தது. லாப நட்டக் கணக்கா அதைத் தீர்மானிச்சது?

ட்ரம்ப் வரியை விடுங்கோ, அது அமெரிக்காவுக்குள்ள போற சாமானுக்குப் போடுறது, நீங்கள் உடுப்பு ஏற்றுமதி செய்யிற ஆள் இல்லை. அமெரிக்க வட்டி கூடினா எங்களைப் போல நாடுகளில கிடக்கிற காசு டொலருக்குத் திரும்பி ஓடும், அதை மட்டும் விளங்கி வைச்சிருங்கோ, காணும்.

ஆனா மச்சான்ர பேரில எண்டு எழுதினீங்களே, அதை வாசிக்க எனக்குக் கோபம்தான் வந்தது. காணிக்கு உறுதிப் பத்திரம் இல்லாமல் காசு குடுப்பீங்களோ? பிறகேன் இதுக்கு மட்டும் வாய்ப்பேச்சு? நாளைக்கு மச்சானுக்கு ஒண்டு நடந்தா உங்கட பிள்ளை யாரிட்டப் போய் நிக்கிறது?

மகள் எங்க படிக்கப் போறா, இங்கயோ வெளிநாட்டிலயோ? ஃபீஸ் ரூபாயிலயோ டொலரிலயோ, எந்த வருசம் வேணும்? அதை ஒருக்கா அவவோட இருந்து கதைச்சிட்டு எழுதுங்கோ தம்பி.