பாலத்தில் வெட்டி ஓடும் பழைய கேம்பர் வேன்: 3,800 ரிங்கிட் கொடுப்பதற்கு முன்

கேள்வி: நான் பட்டர்வொர்த்தில் வசிக்கிறேன். எட்டு மாதங்களுக்கு முன் 1988-ஆம் ஆண்டின் வோக்ஸ்வேகன் டி3 கேம்பர் வேன் ஒன்றைத் தனிநபர் ஒருவரிடமிருந்து வாங்கினேன். 2.1 லிட்டர் பெட்ரோல் இன்ஜின். கார்புரேட்டர் இல்லை, ஃபியூவல் இன்ஜெக்‌ஷன்தான். காலையில் முதலில் முடுக்கும்போது ஒரு குறையும் தெரிவதில்லை. பத்து நிமிடம் ஓடிச் சூடேறிய பிறகு சிக்னலில் நின்றால் வண்டி முழுவதும் குலுங்குகிறது. பின்பக்கம் பெட்ரோல் வாடையும் அடிக்கிறது. பினாங்குப் பாலத்தில் ஒரே சீராக 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுத்து விடுவதைப் போல வெட்டி வெட்டி ஓடுகிறது. ஆனால் ஆக்சிலரேட்டரை நன்றாக மிதித்தால் அது நின்றுவிடுகிறது. பட்டறையில் ஸ்பார்க் பிளக், பிளக் வயர், பெட்ரோல் பம்ப் எல்லாவற்றையும் மாற்றி, ‘கம்ப்யூட்டர் ஸ்கேன்’ என்று 120 ரிங்கிட்டும் சேர்த்து 2,300 ரிங்கிட் வாங்கினார்கள். பழுது அப்படியே இருக்கிறது. இப்போது இசியு, அதாவது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினிப் பெட்டி, போய்விட்டது என்று சொல்லி 3,800 ரிங்கிட் கேட்கிறார்கள். டேஷ்போர்டில் வெப்ப முள் சரியாகவே நிற்கிறது. இசியுவை மாற்றலாமா? கொடுத்த பணத்தைக் கேட்க வழி உண்டா? விற்றவர் மீது நடவடிக்கை எடுக்க முடியுமா?

பதில்: இப்போதைக்கு மாற்ற வேண்டாம். இசியு பழுதாகவே ஆகாது என்று சொல்ல வரவில்லை. ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் அறிகுறிகள் அதைவிட மிகவும் மலிவான இரண்டு பொருள்களைச் சுட்டுகின்றன, அவற்றைச் சோதித்துப் பார்த்ததாக உங்கள் கடிதத்தில் ஒரு சொல்லும் இல்லை.

நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரிதான் இதில் முக்கியமானது. மிதித்தால் வெட்டு நின்றுவிடுகிறது என்கிறீர்கள். பெட்ரோல் பம்ப் தளர்ந்திருந்தால் நடப்பது இதற்கு நேர்மாறாக இருக்கும்: இன்ஜின் அதிகப் பெட்ரோல் கேட்கும் நேரத்தில்தான், அதாவது மிதிக்கும்போதும் மேடேறும்போதும்தான், அது மூச்சு வாங்கும். பிளக்கும் வயரும் அப்படித்தான்; பலவீனமான தீப்பொறி பாரம் கூடும்போதுதான் தன்னைக் காட்டிக்கொடுக்கும். ஆகவே மாற்றப்பட்ட பொருள்களில் எதுவும் உங்கள் பழுதோடு பொருந்தவில்லை. முன்வைக்க வேண்டிய கேள்வியைக் கேட்காமல், இருப்பதில் எளிதாகக் கழற்றக்கூடியதை மாற்றியிருக்கிறார்கள்.

அந்த 120 ரிங்கிட் ஸ்கேன் பற்றியும் ஒரு வார்த்தை. இன்றைய கார்களில் ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் 16 முனைச் சொருகி 1988-ஆம் ஆண்டு வண்டியில் கிடையாது. ஸ்கேனரை எங்கே மாட்டினீர்கள், அது காட்டிய பழுது எண் என்ன என்று போர்மேனிடம் பணிவாகவே கேட்டுப் பாருங்கள். அவர் சொல்லும் பதிலை ரசீதின் பின்புறம் தேதியோடு குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இனி குலுக்கலைப் பார்ப்போம். குளிர்ந்த இன்ஜினுக்குப் பெட்ரோல் சற்றுக் கூடுதலாக வேண்டும், சூடான பின் குறைக்கப்பட வேண்டும். எவ்வளவு சூடு என்பதை இசியுவுக்குச் சொல்வது தெர்மோஸ்டாட் உறையில் இருக்கும் இரண்டு முனைச் சென்சார். டேஷ்போர்டு முள்ளுக்குத் தகவல் தருவது வேறு சென்சார். ஆகவே முள் சரியாக நிற்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. இந்த இரண்டு முனைச் சென்சார் கெட்டோ, அதன் சொருகியில் துரு ஏறியோ இருந்தால், இன்ஜின் இன்னும் குளிர்ந்தே இருக்கிறது என்று நினைத்து இசியு பெட்ரோலை ஊற்றிக்கொண்டே இருக்கும். காலையில் நன்றாக ஓடுவது, சூடானதும் குலுங்குவது, வாடை அடிப்பது ஆகிய மூன்றும் இதோடு அப்படியே பொருந்துகின்றன. சைலன்சர் வாயை விரலால் தடவிப் பாருங்கள். உலர்ந்த கரும்புகை ஒட்டினால் சந்தேகம் மேலும் வலுப்படும்.

சோதிக்கும் முறை எளியது. இரவு முழுக்க நின்ற வண்டியில், காலையில் சொருகியைக் கழற்றிச் சென்சாரின் இரு முனைகளுக்கிடையே மல்டிமீட்டரை வைத்தால், நம் ஊரின் 30 பாகை வெப்பத்தில் ஏறக்குறைய 1,500 முதல் 2,000 ஓம் வரை காட்ட வேண்டும்; இன்ஜின் நன்றாகச் சூடேறி 80 பாகையை எட்டும்போது அது 300 ஓம் அளவுக்கு இறங்க வேண்டும். மீட்டர் சரியாகக் காட்டியும் ஐயம் தீரவில்லை என்றால், எலக்ட்ரானிக்ஸ் கடையில் சில காசுகளுக்குக் கிடைக்கும் 330 ஓம் ரெசிஸ்டர் ஒன்றை வாங்கி, இன்ஜின் சூடாக இருக்கும்போது சென்சாருக்குப் பதிலாகச் சொருகியின் இரு முனைகளில் செருகிப் பாருங்கள். குலுக்கல் அடங்கினால் குற்றவாளி சென்சாரோ அதன் முனையோதான். இந்தச் சோதனையைச் செய்யாமல் 3,800 ரிங்கிட்டுக்கு இசியு வாங்குவதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

சென்சார் நன்றாக இருந்தால் அடுத்துப் பார்க்க வேண்டியது பெட்ரோல் அழுத்த ரெகுலேட்டர். அதிலிருக்கும் மெல்லிய வேக்கம் குழாயை உருவிப் பாருங்கள். உள்ளே பெட்ரோல் ஈரம் இருந்தால் உள்சவ்வு கிழிந்துவிட்டது, ரெகுலேட்டரையே மாற்ற வேண்டியதுதான். அழுத்தமானி உள்ள பட்டறையில் அளந்தால், அந்தக் குழாய் மாட்டியிருக்கும்போது ஐடிலில், அதாவது மிதிக்காமல் இன்ஜின் மட்டும் ஓடும்போது, அழுத்தம் சுமார் 2 பார் (bar), கழற்றினால் 2.5 பார் இருக்க வேண்டும்.

பாலத்தில் வெட்டுவது பெரும்பாலும் வேறொரு பழுது. ஏர் ஃபில்டர் பெட்டியை ஒட்டி இருக்கும் காற்று அளவி, அதாவது ஏர்ஃப்ளோ மீட்டர், உள்ளே ஒரு மடலைக் கொண்டது. காற்றின் வேகத்துக்கேற்ப அந்த மடல் திறக்க, அதோடு இணைந்த சிறு முள் கார்பன் தடம் ஒன்றின் மீது உரசிக்கொண்டு நகரும். நாள்தோறும் ஒரே வேகத்தில் ஓட்டப்படும் வண்டியில் அந்த முள் ஆண்டுக்கணக்கில் ஒரே இடத்திலேயே நடுங்கிக்கொண்டிருக்கும். அந்த இடத்தில் தடம் தேய்ந்துபோகும். பாலத்தின் வேக வரம்பே 80 என்பதால், அக்கரைக்கும் இக்கரைக்கும் போய்வருபவர் தம்மையறியாமல் அந்தத் தேய்மானத்தை வளர்க்கிறார். மிதித்தால் முள் தேய்ந்த இடத்தைத் தாண்டிவிடுகிறது, வெட்டு மறைகிறது. ஊசி வகை மீட்டரை மாட்டிக்கொண்டு, மடலை விரலால் மெதுவாகத் தள்ளச் சொல்லுங்கள்; ஊசி சீராக நகராமல் ஓரிடத்தில் சட்டென்று விழுந்து எழுந்தால் விடை கிடைத்துவிட்டது. புதிய பொருள் கிடைப்பது அரிது என்றாலும், உள்ளிருக்கும் தடத்தட்டின் திருகுகளைத் தளர்த்திச் சற்றே நகர்த்தி, முள்ளைத் தேயாத கார்பன் மீது ஓடவிடும் வழியைப் பழைய கைகள் அறிவார்கள். அப்போது ஸ்பிரிங்கை இறுக்கும் பற்சக்கரத்தில் மட்டும் யாரையும் கைவைக்க விடாதீர்கள். அதைத் திருப்பிவிட்டால் பெட்ரோல் அளவே தடம் மாறிப்போகும்.

இதற்கிடையே இன்ஜின்மீது முடுக்கப்பட்டிருக்கும் எர்த் கம்பிகளைக் கழற்றிச் சுரண்டித் துடைத்து மாட்டுங்கள். ரப்பர் குழாய்களில் விரிசல் உண்டா என்றும் பாருங்கள்; ஆனால் காற்றுக் கசிவைக் கண்டுபிடிக்க, ஓடும் இன்ஜின்மீது தீப்பற்றக்கூடிய ஸ்பிரே அடிக்கும் பழக்கத்தை அனுமதிக்க வேண்டாம், புகைச் சோதனையைக் கேளுங்கள். உங்கள் வண்டியில் இன்ஜின் இருப்பது படுக்கைக்கு நேர் கீழே. பெட்ரோல் வாடை அடிக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பெட்ரோல் குழாய்கள் எப்போது மாற்றப்பட்டன என்பதற்கு ரசீது இல்லையென்றால், மற்ற எல்லாவற்றுக்கும் முன் அவற்றை மாற்றிவிடுங்கள்.

பண விஷயத்துக்கு வருவோம். 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, சேவை வழங்குபவர் நியாயமான கவனத்தோடும் திறமையோடும் வேலை செய்திருக்க வேண்டும். உரிமை கோரும் வழி மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம்: 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கிறது, மனுக் கட்டணம் 5 ரிங்கிட், இணையம் வழியாகவும் பதியலாம், வழக்கறிஞர் வைக்க முடியாது என்பதால் இரு தரப்பும் தாங்களே பேச வேண்டும். மூன்று ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும். பம்பும் பிளக்கும் இப்போது உங்கள் வண்டியில்தான் இருக்கின்றன. ஆகவே 2,300 ரிங்கிட் முழுவதும் திரும்பி வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஸ்கேன் கட்டணமும், தேவையற்ற வேலைக்கான கூலியும் வாதாடத் தக்கவை. வேறொரு பட்டறையில் மேற்சொன்ன சோதனைகளைச் செய்து, அளவீடுகளை எண்களாக எழுதி வாங்கினால் அதுவே உங்கள் சாட்சியம்.

விற்றவரோ வியாபாரி அல்லர், தனிநபர். இந்தச் சட்டம் தொழிலாக விற்பவர்களைத்தான் கட்டுப்படுத்துகிறது. அவர்மீது நடுவர் மன்றத்தை நாட முடியாது.

புதிய பட்டறைக்குப் போகும்போது ‘சரிசெய்து கொடுங்கள்’ என்று சாவியைக் கொடுத்துவிட்டு வராதீர்கள். ‘முதலில் சோதனை மட்டும், கூலி இவ்வளவு, என்னைக் கேட்காமல் எந்தப் பொருளும் மாற்றக்கூடாது, கழற்றிய பழைய பொருள் என்னிடம் திரும்ப வர வேண்டும்’ என்று வேலைத்தாளில் எழுதி, போர்மேனின் கையெழுத்தை வாங்கிக்கொண்டு வாருங்கள். எழுதித் தர மறுக்கும் இடத்தில் வண்டியை இறக்கவே வேண்டாம்.