போடிக்கா, குளமாவுக்கா?

கேள்வி: நானும் வீட்டுக்காரரும் மூணாறு பக்கம் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்கிறோம். லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், ஒரு அறை, ஒரு அடுப்படி. மகள் எஸ்டேட் பள்ளியில் தமிழ் மீடியம், இந்த மார்ச்சில் நாலாம் வகுப்பு முடிக்கிறாள். நன்றாகப் படிப்பாள். "நவோதயா பரீட்சை எழுத வையுங்கள், எல்லாம் ஃப்ரீ" என்கிறார் சார். தேனி மாவட்டம் போடியில் இருக்கும் என் அண்ணனோ, "ஜூனிலேயே அனுப்பு, இங்கே அஞ்சாவதில் சேர்த்துவிடுகிறேன்" என்கிறார். பொட்டப்பிள்ளையை ஆஸ்டலில் விடுவதே மாமியாருக்குப் பிடிக்கவில்லை. எது நல்லது?
— ஒரு தாய், தேவிகுளம் தாலுகா, இடுக்கி மாவட்டம்

பதில்: சகோதரிக்கு,

போடிக்கு அனுப்புவதா வேண்டாமா என்பதை இப்போது முடிவு செய்ய வேண்டியதில்லை. ஆனால் இந்த ஜூனில் மட்டும் அனுப்பாதீர்கள். நவோதயா என்பது மத்திய அரசு நடத்தும் உறைவிடப் பள்ளி. அதன் ஆறாம் வகுப்புத் தேர்வை எழுத, பிள்ளை ஐந்தாம் வகுப்பை முழு ஆண்டும் அந்த மாவட்டத்திலேயே படித்திருக்க வேண்டும். பெற்றோரும் அதே மாவட்டத்தில் குடியிருக்க வேண்டும். ஐந்தாவதைப் போடியில் படித்தால் இடுக்கி மாவட்டத்துக்கான இடம் போய்விடும். தேனியில் எழுதலாமே என்றால், தமிழ்நாடு இந்தத் திட்டத்தை ஏற்காததால் அங்கே நவோதயாவே கிடையாது. இந்தத் தேர்வை ஒரு பிள்ளை ஒரே ஒரு முறைதான் எழுத முடியும். அண்ணனிடம் "ஒரு வருஷம் பொறுங்கள்" என்று சொன்னால் போதும். தேர்வு முடிவு வந்த பிறகு ஜூனில் அவளை ஆறாவதில் எங்கே சேர்ப்பது என்று உட்கார்ந்து பேசலாம்.

சார் சொன்ன "ஃப்ரீ" சரிதான். படிப்பு, தங்குமிடம், சாப்பாடு, சீருடை, பாடப்புத்தகம் எதற்கும் பணம் கிடையாது. ஒன்பதாம் வகுப்பு முதல் மாதம் 600 ரூபாய் வித்யாலய விகாஸ் நிதி என்று வாங்குவார்கள். அதிலும் பெண் பிள்ளைகளுக்கு விலக்கு உண்டு. ஆக, உங்கள் மகளுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு வரை கட்டணச் செலவு இல்லை.

ஆனால் உங்களைப் போன்ற குடும்பத்துக்குப் பணத்தைவிடப் பெரிய லாபம் வேறொன்று. லயத்து வீடு உங்கள் பெயரில் இல்லை, வேலையோடு சேர்ந்தது. யாராவது ஓய்வு பெற்றாலோ, வேலை போனாலோ, உடம்பு முடியாமல் போனாலோ வீட்டைக் காலி செய்ய வேண்டும். வீடு மாறினால் பள்ளியும் மாறும். தோட்டத்துப் பிள்ளைகள் பலருக்கு எட்டாவது, ஒன்பதாவதில் படிப்பு இடறுவது இந்த இடத்தில்தான். உறைவிடப் பள்ளியில் சேர்ந்துவிட்டால் ஆறு முதல் பன்னிரண்டு வரை ஏழு வருடமும் அவள் படிப்பு உங்கள் வேலையைப் பொறுத்து இருக்காது. சாயங்காலம் ஆசிரியர் மேற்பார்வையில் படிக்கும் நேரம், விளக்கு, மேசை எல்லாம் கிடைக்கும். ஒரே அறையில் டிவியும் அடுப்பும் தம்பியின் அழுகையும் சூழ்ந்திருக்க அவள் படிக்க வேண்டியதில்லை. யானை இறங்கும் பாதையில் இருட்டில் நடந்து வரும் பிள்ளைக்காக நீங்களும் வாசலில் காத்து நிற்க வேண்டாம்.

மாமியாரிடம் இதைச் சொல்லுங்கள்: பெண்களுக்குத் தனி விடுதி, பொறுப்புக்குப் பெண் ஆசிரியர். ஆசிரியர்கள் வளாகத்துக்குள்ளேயே குடியிருப்பார்கள். சேர்ப்பதற்கு முன் அவரையும் ஒரு முறை அழைத்துப் போய்க் காட்டிவிடுங்கள். இடுக்கி மாவட்ட நவோதயா குளமாவில் இருக்கிறது. அடிமாலி, செறுதோணி, பைனாவு வழியாகப் போக வேண்டும். மழைக்காலத்தில் மலைப்பாதை எப்போது அடைபடும் என்று உங்களுக்கே தெரியும். நினைத்த ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு வரும் தூரம் இல்லை என்பதையும் சேர்த்தே கணக்கில் வையுங்கள்.

இனி தேர்வு. தமிழ் மீடியம் பிள்ளையால் முடியுமா என்ற பயம் பலருக்கு உண்டு. மொத்தம் 80 கேள்வி, 100 மதிப்பெண், 2 மணி நேரம். அதில் 40 கேள்வி, அதாவது 50 மதிப்பெண், மனத்திறன் பகுதி. அது முழுக்கப் படம். வேறுபட்ட படம் எது, வரிசையில் அடுத்த படம் எது, கண்ணாடியில் எப்படித் தெரியும், மடித்துத் துளைத்த காகிதத்தை விரித்தால் எப்படி இருக்கும் என்று பத்து வகை, வகைக்கு நான்கு கேள்வி. பாதி மதிப்பெண்ணுக்கு எந்த மொழியும் தேவையில்லை என்றால், எஸ்டேட் பள்ளிப் பிள்ளை டவுன் பிள்ளைக்குக் குறைந்தவள் இல்லை. மீதியில் கணக்கு 20 கேள்வி. மொழிப் பகுதியில் நான்கு பத்தி, பத்திக்கு ஐந்து கேள்வி. தேர்வு எந்த மொழியில் என்பதை விண்ணப்பத்திலேயே குறிக்க வேண்டும். உங்கள் மாவட்டத்துக்குத் திரையில் விரியும் மொழிப் பட்டியலை நீங்களே பாருங்கள். அக்ஷயா மையத்தில் (கேரள அரசின் இ-சேவை மையம்) அவசரத்தில் மலையாளத்தைத் தட்டிவிட்டால் வினாத்தாளும் மலையாளத்தில்தான் வரும்.

படப் பகுதிக்குக் கோச்சிங் சென்டர் தேவையில்லை. பழைய செய்தித்தாளைச் சதுரமாக வெட்டி, நெடுக்கில் ஒரு மடிப்பு, குறுக்கில் ஒரு மடிப்பு மடித்து, கத்தரியால் ஒரு துளை போடுங்கள். விரிப்பதற்கு முன், துளைகள் எங்கெங்கே வரும் என்று அவள் வேறொரு தாளில் வரைய வேண்டும். பிறகு விரித்துப் பாருங்கள்: நான்கு துளை இருக்கும், மடிப்புக் கோட்டிலிருந்து ஒவ்வொன்றும் சம தூரத்தில். தினமும் நான்கு தாள் போதும், ஒரு மாதத்தில் கை பழகிவிடும். முகம் பார்க்கும் கண்ணாடியை எழுத்துக்குப் பக்கத்தில் வைத்து இதேபோல் பழக்கலாம். கணக்கில் பின்னம், சதவீதம், லாப நட்டம், மீ.சி.ம., சுற்றளவு, பரப்பளவு வரும். இதற்குச் சாரிடம் கேளுங்கள்.

நல்ல பிள்ளைகள் தோற்பது பெரும்பாலும் விடைத்தாளில். பால்பாயின்ட் பேனாவால் வட்டத்தை நிரப்ப வேண்டும், நிரப்பியதை மாற்ற முடியாது. ஒரு கேள்வியை விட்டுவிட்டு அடுத்ததன் விடையை அந்த வரிசையில் நிரப்பினால் அதற்குப் பிறகு எல்லாமே ஒரு வரி தள்ளிப்போகும். மாதிரி விடைத்தாளைப் பிரின்ட் எடுத்துப் பத்து தடவையாவது நிரப்பிப் பழகட்டும். தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்க மாட்டார்கள் என்பதால் ஒரு வட்டம்கூடக் காலியாக இருக்கக்கூடாது.

காகித வேலையை இப்போதே தொடங்குங்கள். விண்ணப்பம் இணையத்தில் மட்டும்தான், அதற்குக் கட்டணம் இல்லை. கேரளத்தில் எல்.பி. (தொடக்க) பள்ளி நாலாம் வகுப்போடு முடிகிறது, ஐந்தாவதற்கு யு.பி. (நடுநிலை) பள்ளிக்குப் போவாள். தலைமை ஆசிரியர் சான்றிதழில் கையெழுத்திடுபவர் புதிய பள்ளிக்காரர், மூன்று, நான்காம் வகுப்பு விவரமோ பழைய பள்ளியில் இருக்கும். டி.சி. வாங்கும்போதே பெயர், இனிஷியல், பிறந்த தேதி மூன்றும் ஆதாரோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒரு பக்கம் அப்பா பெயரின் முதல் எழுத்து, இன்னொரு பக்கம் முழுப்பெயர் என்று இருப்பதுதான் நம் பிள்ளைகளுக்கு வரும் வழக்கமான தொல்லை. வயது வரம்பும் உண்டு. 2026 சேர்க்கைக்கு 1-5-2014 முதல் 31-7-2016 வரை பிறந்தவர்கள் என்று இருந்தது. வருடத்துக்கு வருடம் இது ஓராண்டு நகரும்.

குறைந்தது 75 சதவீத இடம் கிராமப்புறப் பிள்ளைகளுக்கு, மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு. கிராம ஒதுக்கீட்டுக்கு மூன்று, நான்கு, ஐந்தாம் வகுப்புகளைக் கிராமப்புறப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். இடுக்கியில் நகராட்சி என்றால் தொடுபுழாவும் கட்டப்பனையும்தான். மூணாறு பஞ்சாயத்து என்பதால் இங்கே உங்கள் மகளுக்குச் சிக்கல் வராது.

சாதிச் சான்றிதழ்தான் முள். பட்டியல் இனத்தவர் என்றால், 10-8-1950க்கு முன்பே குடும்பம் கேரளப் பகுதியில் குடியிருந்ததற்கு ஆதாரம் கேட்பார்கள். அதற்குப் பிறகு மலையேறி வந்த குடும்பம் என்றால், தமிழ்நாட்டுச் சான்றிதழை வைத்து இங்கே ஒதுக்கீடு கிடைப்பது சந்தேகம். தாத்தா பாட்டி காலத்துத் தோட்டப் பதிவேடு, பள்ளிச் சேர்க்கைப் பதிவு ஏதாவது இருந்தால் அதை எடுத்துக்கொண்டு வில்லேஜ் ஆபீசுக்கு இந்தக் கோடையிலேயே போங்கள். கிடைக்காவிட்டால் பொதுப் பிரிவில் விண்ணப்பியுங்கள். கிராம ஒதுக்கீடும் பெண்கள் பங்கும் சாதியைப் பார்த்துத் தருவதல்ல. கையில் இல்லாத சான்றிதழை நம்பிப் பிரிவைக் குறித்துவிட்டு, சேர்க்கை நாளில் இடத்தை இழப்பதுதான் கொடுமை.

இடம் கிடைத்தால் எதை இழப்பாள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். முதலாவது தமிழ். அங்கே மலையாளம், இந்தி, ஆங்கிலம் என்று போகும். பேச்சுத் தமிழ் போகாது, எழுத்து மறந்துவிடும். இரண்டாவது, ஒன்பதாம் வகுப்பில் 30 சதவீதப் பிள்ளைகளை ஒரு வருடம் இந்தி பேசும் பகுதி நவோதயாவுக்கு அனுப்புவார்கள். சேரும்போதே பெற்றோர் சம்மதக் கையெழுத்துப் போட வேண்டும், படிக்காமல் போடாதீர்கள். மூன்றாவது தமிழ்நாட்டுச் சலுகை. ஆறு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்தால்தான் மருத்துவம், பொறியியலில் 7.5 சதவீத ஒதுக்கீடு. கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டத்துக்கும் அங்கே அரசுப் பள்ளியிலோ அரசு உதவி பெறும் பள்ளியிலோ படித்திருக்க வேண்டும். உங்கள் குடும்பம் ஓய்வுக்குப் பிறகு போடிக்கே திரும்பப்போகிறது என்றால் இது சின்ன விஷயம் இல்லை. ஆறாவதில் அங்கே சேர்ந்தாலும் இது முழுதாகக் கிடைக்கும் என்பதால்தான் அண்ணனை ஒரு வருடம் பொறுக்கச் சொல்கிறேன்.

இருந்தும் என் யோசனை, இடம் கிடைத்தால் குளமாவு. உறவினர் வீட்டில் வளரும் பெண் பிள்ளை மீது வீட்டு வேலை மெல்ல மெல்ல ஏறும். அண்ணன் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் ஏழு வருடம் நீண்ட காலம். அண்ணனுக்குப் பிள்ளை இல்லை, அண்ணியே ஆசையாகக் கேட்கிறார் என்றால் நான் வேறு மாதிரி சொல்லியிருப்பேன்.

இந்த ஒரு வருடத்தில் வீட்டிலேயே பழக்க வேண்டியது: துணி துவைப்பது, தலை பின்னிக்கொள்வது, பேன் சீப்பு போடுவது, தட்டு கழுவுவது. மாதவிடாய் பற்றி முன்பே சொல்லி, பேடு வைக்கக் காட்டிக்கொடுத்து அனுப்புங்கள். அங்கே வயதுக்கு வந்தால் உடனே அழைத்து வந்து பதினாறு நாள் உட்கார வைக்க முடியாது. சடங்கைக் கோடை விடுமுறையில் வைத்துக்கொள்ளலாம் என்று மாமியாரிடம் இப்போதே பேசிவிடுங்கள். தீபாவளிக்கும் நம்மூர் போல விடுமுறை எதிர்பார்க்காதீர்கள்.

முதல் மாதம் அழுவாள். "அழுதால் கூட்டிட்டு வந்துடுறேன்" என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள்; அப்படிச் சொல்லிவிட்டால் ஒவ்வொரு போன் பேச்சும் அழுகையில்தான் முடியும். "அடுத்து எந்தத் தேதியில் வருவோம்" என்பதைச் சொல்லி, அந்தத் தேதியில் தவறாமல் போய் நில்லுங்கள். சாப்பிடாமல் இளைப்பது, படுக்கையை நனைப்பது, யாரிடமும் பேசாமல் இருப்பது இரண்டு மாதத்துக்கு மேல் நீடித்தால் வேறு விஷயம். அப்போது விடுதிப் பொறுப்பாசிரியரை நேரில் பாருங்கள்.

வாரம் ஒரு கடிதம், தமிழில், அவளும் எழுத வேண்டும் என்று பேசி வையுங்கள். உங்கள் கையெழுத்து சரியில்லையே என்று கூச்சப்பட வேண்டாம். இரண்டு வரி போதும்: கொழுந்து எப்படி, தம்பி என்ன சேட்டை, ஆயா என்ன திட்டியது.