போனஸ் வந்தால் யூனிவர்சல் கிரெடிட் எவ்வளவு குறையும்?

கேள்வி: நானும் கணவரும் லண்டனில் வேலை செய்கிறோம். எனக்கு கேர் ஹோமில் மாதம் வரிக்கு முன் 1,600 பவுண்டு சம்பளம். இரண்டு பிள்ளைகள், வாடகை வீடு. குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு அரசு தரும் மாத உதவியான யூனிவர்சல் கிரெடிட்டாக 500 பவுண்டு வருகிறது. டிசம்பரில் 1,000 பவுண்டு போனஸ் தரப்போகிறார்கள். அதைப் பிரித்துத் தரச் சொல்வது நல்லதா?

பதில்: பிரித்துக் கேட்க வேண்டாம்.

1,000 பவுண்டில் 20 சதவீதம் வருமான வரி, 8 சதவீதம் நேஷனல் இன்ஷூரன்ஸ் (சமூகக் காப்புக்கான சம்பளப் பிடித்தம்) போக 720 கைக்கு வரும். உங்கள் வருமானம் ஏற்கெனவே வேர்க் அலவன்ஸைத் தாண்டிவிட்டதால் (கிரெடிட் குறையாமல் சம்பாதிக்கக்கூடிய தொகை; வாடகை உதவி பெறுவோருக்கு 2025–26-இல் மாதம் 411 பவுண்டு), இந்த 720 முழுவதிலும் 55 சதவீதம், அதாவது 396 பவுண்டு, கிரெடிட்டில் குறையும். அந்த மாதம் 104தான் வரும். ஆக, 1,000 பவுண்டு போனஸால் உங்களுக்குக் கூடுவது 324. மூன்று மாதமாகப் பிரித்தாலும் மொத்தக் கழிவு அதே 396தான்.

தொகை பெரிதானால் பிரிப்பது நட்டம். 2,500 பவுண்டு போனஸ் என்று வையுங்கள், கைக்கு 1,800. ஒரே மாதத்தில் வந்தால் கணக்குப்படி கழிவு 990. ஆனால் உங்கள் கிரெடிட்டே 500தான், அது பூச்சியமாவதோடு கழிவு நின்றுவிடும். மூன்று மாதமாக வாங்கினால் மாதம் 330 வீதம் 990-உம் போகும். 490 பவுண்டை வீணாக இழப்பீர்கள். கிரெடிட்டைப் பூச்சியமாக்கும் வருமானத்தைவிட 2,500 பவுண்டுக்கும் அதிகமாக வந்தால்தான் அந்த மிகுதி அடுத்த மாதக் கணக்கில் ஏறும்.

கிரெடிட் பூச்சியமான மாதத்தில் ஒரு சிக்கல் உண்டு. வாடகை நேரே வீட்டுக்காரருக்குப் போகிறதென்றால் அது நிற்கும்; போனஸிலிருந்து நீங்களே கட்டியாக வேண்டும். கழிவு தெரிவதும் தாமதமாகத்தான்: கணக்கு மாதம் (கிரெடிட்டுக்காக உங்கள் வருமானத்தைக் கணக்கிடும் ஒரு மாதம்) முடிந்து ஏழு நாள் கழித்து வரும் தொகையில்தான் குறையும். டிசம்பரிலேயே செலவழித்துவிட்டு ஜனவரியில் திண்டாடுபவர்கள் பலர். 396-ஐ முதலிலேயே ஒதுக்கி வையுங்கள். கவுன்சில் டாக்ஸ் (உள்ளாட்சி வீட்டு வரி) சலுகையும் மாறலாம். ஒவ்வொரு கவுன்சிலுக்கும் விதி வேறு.

உடனே பணத் தேவை இல்லாவிட்டால், சேலரி சாக்ரிஃபைஸ் முறையில் (கையில் வாங்காமல் விட்டுக்கொடுத்து, முதலாளியே நேரே போடும் முறை) போனஸைப் பென்ஷனில் போடச் சொல்லலாம். கணக்கில் பென்ஷன் பங்களிப்பு முழுவதும் கழிக்கப்படுவதால் கிரெடிட் ஒரு பவுண்டும் குறையாது, வரியும் இல்லை. இப்போது கிடைக்கக்கூடிய 324-ஐ விட்டுக்கொடுத்தால் 1,000 பவுண்டு பென்ஷனில் சேர்கிறது. ஆனால் அதை 55 வயதுக்கு முன் எடுக்க முடியாது. 2028 ஏப்ரலிலிருந்து அந்த வயது 57. போனஸ் சம்பளப் பட்டியலில் ஏறும் முன்பே எழுத்தில் கேட்டுவிட வேண்டும்.

கிறிஸ்துமஸுக்கு வேலையிடம் கொடுக்கும் கிஃப்ட் கார்டு 50 பவுண்டுக்கு மேற்படாமல், செய்த வேலைக்கு வெகுமதியாக இல்லாமல் இருந்தால் கணக்கில் வராது. கேரர்ஸ் அலவன்ஸ் (உடல்நலமில்லாதவரையோ ஊனமுற்றவரையோ பராமரிப்பவருக்கான அரசு உதவி) வாங்குபவர்களுக்கு நிலைமை கடுமை: 2025–26-இல் நிகர வருமானம் வாரம் 196 பவுண்டைத் தாண்டினால் படிப்படியாகக் குறையாது, அந்த வாரத் தொகை முழுதும் போய்விடும்.

போனஸை நீங்கள் தனியாக அறிவிக்கத் தேவையில்லை. முதலாளி வரித் துறைக்கு அனுப்பும் விவரமே கிரெடிட் கணக்குக்கும் போகிறது. ஆனால் தவறான தொகையோ, ஒரே தொகை இரண்டு முறையோ பதிவாவதுண்டு. கிரெடிட் ஸ்டேட்மென்ட் வந்ததும் பேஸ்லிப்போடு ஒப்பிட்டு, வித்தியாசம் இருந்தால் பேஸ்லிப்பின் படத்துடன் அன்றே ஜர்னலில் (இணையத்தில் உள்ள உங்கள் கிரெடிட் கணக்கின் செய்திப் பகுதி) எழுதுங்கள்.