சீட்டு பிளாக் பண்ண அட்வான்ஸ் கட்டலாமா?

கேள்வி: எம்பொண்ணு பாலக்கோடு பக்கம் கவர்மென்ட் ஸ்கூல்ல ஆறாவதுல இருந்து பிளஸ் டூ வரைக்கும் படிச்சா. மேக்ஸ் 78, பிசிக்ஸ் 70, கெமிஸ்ட்ரி 74. எங்க வீட்ல யாரும் காலேஜ் வாசல மிதிச்சதில்ல. கோயம்புத்தூர் பக்கம் ஒரு காலேஜ்ல கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட்டு இருக்கு, இப்பவே பத்தாயிரம் கட்டி பிளாக் பண்ணிடுங்க, இல்லன்னா போயிடும்னு ஒருத்தர் வீட்டுக்கே வந்து சொல்றாரு. கட்டிடலாமா? - ஒரு அப்பா, பாலக்கோடு

பதில்: கட்டாதீங்கண்ணா. அந்த ஆளு நல்லவரா கெட்டவரான்னுலாம் நான் யோசிக்கவே இல்ல, உங்க பொண்ணு கையில இருக்குற சலுகை என்னன்னு அவரு உங்ககிட்ட சொல்லல பாருங்க, அதுதான் எனக்கு கோவம்.

ஆறுல இருந்து பன்னெண்டு வரைக்கும் முழுசா அரசுப் பள்ளியில படிச்சவங்களுக்கு இன்ஜினியரிங்ல 7.5 சதவீதம் தனி ஒதுக்கீடு 2021-ல இருந்து இருக்கு. அதுல சீட்டு கிடைச்சா படிப்புக் கட்டணம், ஹாஸ்டல் கட்டணம் எல்லாம் அரசாங்கமே கட்டிடும். ஆனா அரசாங்கம் ரேங்க்படி சீட்டு குடுக்குற கவுன்சிலிங் வழியா போனாத்தான் அது. நீங்க நேரா போய் காலேஜ்காரங்களே குடுக்குற மேனேஜ்மென்ட் சீட்டுல சேர்ந்துட்டா அந்த ஒதுக்கீடும் இல்ல, வீட்ல முதல்ல டிகிரி படிக்கிறவங்களுக்குக் குடுக்குற முதல் பட்டதாரி சலுகையும் இல்ல. அப்போ நீங்க கட்டப்போறது பத்தாயிரம் மட்டுமில்லண்ணா, நாலு வருஷத்து ஃபீஸும் ஹாஸ்டல் செலவும் சேர்ந்து உங்க தலையிலதான் விழும்.

ரேங்க் போடுறதுக்கான மார்க்கு, அதான் கட்ஆஃப், 200-க்கு போடுவாங்க, மேக்ஸ் அப்படியே, மத்த ரெண்டும் பாதி. உங்க பொண்ணுக்கு 78, 35, 37, மொத்தம் 150. பொதுப் போட்டியில பெரிய காலேஜ் கஷ்டம்தான், ஆனா 7.5-ல போட்டி அரசுப் பள்ளி பசங்களுக்குள்ள மட்டும்தான், அதனால கணக்கே வேற. அதுக்குன்னு தனியா ரேங்க் வரும், அதைப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க. நம்ம பக்கத்துலயே செட்டிக்கரையில ஒரு அரசு இன்ஜினியரிங் காலேஜ், பர்கூர்ல ஒண்ணு இருக்கு, அதையெல்லாம் விட்டுட்டு பேரு தெரியாத காலேஜுக்கு ஏன் ஓடணும்னு எனக்குப் புரியல.

கவுன்சிலிங்ல எந்தெந்த காலேஜ் வேணும்னு வரிசையா குடுக்குற சாய்ஸ் ஃபில்லிங்ல நிறைய பேரு நாலஞ்சு காலேஜ் மட்டும் போட்டுட்டு அப்புறம் ஒண்ணும் கிடைக்கலன்னு அழுவாங்க. எத்தன வேணா போடலாம், அளவே கிடையாது, வரிசைதான் முக்கியம், நிஜமாவே எது வேணுமோ அதை மேல போடணும். போடுறதுக்கு முன்னாடி அந்தந்த காலேஜோட பாஸ் பர்சன்டேஜ அண்ணா யுனிவர்சிட்டி வெளியிடுற லிஸ்ட்ல பாருங்க, காலேஜ்காரங்க அடிக்கிற பிளெக்ஸ்ல பாக்காதீங்க. முடிஞ்சா அங்க மூணாவது வருஷம் படிக்கிற பிள்ளைங்க ரெண்டு பேருகிட்ட பேசுங்க, லேப் நடக்குதா, பஸ் ஃபீஸ் எவ்ளோ, வாத்தியார் வருசா வருசம் மாறிட்டே இருக்காங்களான்னு அவங்களுக்குத்தான் தெரியும்.

இப்பவே பண்ண வேண்டியது, எந்தெந்த ஸ்கூல்ல படிச்சான்னு சான்று வாங்குறது. நடுவுல ஸ்கூல் மாறியிருந்தா ஒவ்வொரு ஸ்கூலயும் கேக்கணும், எட்டாவது மட்டும் காசு கட்டி பிரைவேட்ல படிச்சிருந்தா கூட ஒதுக்கீடு போச்சு. முதல் பட்டதாரி சான்று இ-சேவை மையத்துல அப்ளை பண்ணிடுங்க, லேட்டாகும். பொண்ணு காலேஜ் சேர்ந்ததும் புதுமைப் பெண் திட்டத்துல மாசம் 1000 ரூபாய்க்கும் எழுதிக் கொடுங்க.

கேள்வி: மேக்ஸ் புடிக்கும், பி.எஸ்சி. மேக்ஸ் சேரலாம்னு இருக்கேன், சொந்தக்காரங்க எல்லாம் "அதப் படிச்சு என்ன கிழிக்கப் போற"ங்கறாங்க. - மாணவி, ஊத்தங்கரை

பதில்: அவங்களா கிளாஸ்ல உக்காரப் போறாங்க? சேருங்கம்மா. கிருஷ்ணகிரியில பொண்ணுங்களுக்குன்னே அரசு கலைக் கல்லூரி இருக்கு, ஃபீஸும் கம்மி. அரசு கலைக் கல்லூரிகளுக்கு ஒரே ஆன்லைன் அப்ளிகேஷன்தான், ஒண்ணோட நிறுத்தாம நாலஞ்சு காலேஜ் போடுங்க. பிரவுசிங் சென்டர்ல போடும்போது சென்டர்காரரு நம்பர குடுக்காதீங்க, உங்க வீட்டு நம்பரும் மெயிலும்தான் குடுக்கணும், ஓடிபி அதுக்குத்தான் வரும்.