மலையில் எல்லாரும் மாமாதான்

வணக்கம். கோத்தகிரி பக்கம் ஒரு தொடக்கப்பள்ளியில் ஒன்றாம், இரண்டாம் வகுப்பு எடுக்கிறேன். பெரும்பாலும் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள். 'நல்ல தொடுதல், கெட்ட தொடுதல்' சொல்லிக்கொடுத்தேன். மறுநாளே இரண்டு அம்மாக்கள் வந்து, "சின்னப் பிள்ளைங்க மனசுல இதையெல்லாம் ஏன் டீச்சர் போடுறீங்க? தெரியாத ஆளுகிட்ட பேசாதேன்னு சொன்னா போதாதா?" என்றார்கள். என்ன பதில் சொல்வது?

— ஓர் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

உங்கள் லயனில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், பிள்ளைக்குத் தெரியாத ஆள் யார் என்று அந்த அம்மாக்களிடம் கேளுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் மாமா, ஜீப் ஓட்டுபவர் அண்ணன், கடைக்காரர் தாத்தா. அம்மா இலை எடை போட்டுத் திரும்பும்வரை பிள்ளை இவர்கள் பார்வையில்தான் இருக்கிறது. அதில் தப்பில்லை, வேறு வழியும் இல்லை. ஆனால் குழந்தைகளிடம் அத்துமீறுபவர்களில் மிகப் பெரும்பாலோர் தெரிந்தவர்கள்தான் என்று தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கு வருஷா வருஷம் சொல்கிறது.

மனசில் போடுவது பற்றி: காட்டெருமை நின்றால் சத்தம் போடாமல் சுற்றிப் போக நம் பிள்ளைகளுக்கு ஐந்து வயதிலேயே தெரியும். அதைச் சொல்லிக்கொடுத்ததால் யாரும் பயந்து வீட்டில் உட்கார்ந்துவிடவில்லையே.

உங்கள் பாடத்தில்தான் எனக்கு ஒரு மாற்றுக் கருத்து. நல்லது, கெட்டது என்று பிரித்தால் பிள்ளை குழம்பும். ஊசி வலிக்கிறது, அது கெட்டதா? மிட்டாய் கொடுத்துக் கிச்சுகிச்சு மூட்டினால் சிரிப்பு வருகிறது, அது நல்லதா? விதியாகவே சொல்லுங்கள்: ஜட்டிக்குள் இருக்கும் இடத்தை, குளிப்பாட்டவும் வைத்தியத்துக்கும் தவிர யாரும் தொடக்கூடாது, தங்களுடையதைத் தொடச் சொல்லவும் கூடாது. வைத்தியம் என்றாலும் அம்மா பக்கத்தில் இருக்க வேண்டும். 'அம்மாகிட்ட சொல்லாதே' என்று யார் சொன்னாலும், அதைத்தான் முதலில் அம்மாவிடம் சொல்ல வேண்டும்.

அப்புறம், நடித்துப் பார்க்க வையுங்கள். காதால் மட்டும் கேட்ட பிள்ளை கேள்விக்குச் சரியாகப் பதில் சொல்லும். நேரில் வந்தால் அப்படியே நின்றுவிடும். நீங்களே ஜீப் அண்ணனாகி, "வா, முன்னாடி மடியில உட்காரு" என்று கூப்பிடுங்கள். முதல் தடவை ஸ்வெட்டர் நுனியைத் திருகிக்கொண்டு அது சொல்லும் 'வேணாம்' அதற்கே கேட்காது. "கடைசி பெஞ்சு வரைக்கும் கேக்கணும்" என்று மறுபடி சொல்ல வையுங்கள். சொன்னதும் விலகி ஓட வேண்டும், ஒரு பெரியவரிடம் நடந்ததைச் சொல்ல வேண்டும். அவர் காதில் வாங்கவில்லையென்றால் அடுத்தவரிடம். இந்தக் கடைசிப் பகுதியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். கத்த முடியாமல் போனாலும் தப்பு உன்மேல் இல்லை, எப்போது சொன்னாலும் கேட்போம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பெற்றோர் கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை வையுங்கள். வேலைநாள் என்றால் கூலி போகும். அப்பாக்களும் வரட்டும். ஒத்திகை அவர்களுக்கும் வேண்டும். பிள்ளை வந்து சொன்னதும் நம் வாயில் முதலில் வருவது "நீ ஏன் அங்க போனே?" தான். அதை விழுங்கப் பழக வேண்டும். சந்தேகம் என்றாலே குழந்தைகள் உதவி எண் 1098-க்கு அழைக்கலாம். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் 2012-ம் ஆண்டின் போக்சோ சட்டப்படி தெரிந்தும் சொல்லாமல் இருப்பதே குற்றம். பள்ளிக்கும் அது பொருந்தும். போலீஸார் சீருடை இல்லாமல்தான் வர வேண்டும், வீட்டிலேயே வாக்குமூலம் வாங்கலாம், பிள்ளையின் பெயர் வெளியே வரக்கூடாது என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. லயனில் பேர் கெட்டுவிடும் என்று பயப்படுகிற அம்மாவிடம் இதை முதலில் சொல்லுங்கள்.