ஆளுநரின் கடிதம் உயிரைக் காக்குமா?

கேள்வி: 1793ஆம் ஆண்டில் நடக்கும் நாவல் ஒன்றை எழுதி வருகிறேன். அதில் அமெரிக்கப் பழங்குடியினரான செரோக்கிகளின் தலைவர் ஒருவர், அதிபர் வாஷிங்டனின் அழைப்பின் பேரில் அன்றைய தலைநகரான பிலடெல்பியாவுக்குப் புறப்படுகிறார். அரசின் அழைப்பும் வெள்ளைக்கொடியும் இருப்பதால் அவர் அச்சமின்றிப் பயணம் செய்ததாக எழுதலாமா?

பதில்: எழுத வேண்டாம். அந்த ஆண்டில் ஆபத்து புறப்படும் முன்னரே வந்துவிட்டது. ஜூன் மாதம், அதே பயணத்துக்காகத் தலைவர்கள் கோயட்டி என்ற செரோக்கி ஊரில் ஹாங்கிங் மா என்ற செரோக்கித் தலைவரின் வீட்டில் கூடியிருந்தபோது, டென்னசி ஆற்றைக் கடக்கக் கூடாது என்ற உத்தரவை மீறி வந்த கேப்டன் ஜான் பியர்டின் குடிப்படை விடியற்காலையில் அவர்களைச் சுட்டது. பலர் மாண்டனர், ஹாங்கிங் மாவும் அவர் மனைவியும் காயமடைந்தனர், அங்கிருந்த வெள்ளை அரசு அலுவலர்களே உயிர் தப்ப ஓட வேண்டியிருந்தது. பியர்டை இராணுவ நீதிமன்றம் விடுவித்துவிட்டது. குடியேறிகளை அவர்களுடைய அண்டை வீட்டாரே விசாரித்த அந்த எல்லைப்புறத்தில் வேறு தீர்ப்பை எதிர்பார்ப்பதே வீண்.

கொடியின் மதிப்பும் அவ்வளவுதான். 1788இல், சமாதானம் பேசலாம் என்று கொடி காட்டி அழைக்கப்பட்ட முதிய செரோக்கித் தலைவர் ஓல்ட் டாசல், சில்ஹோவி என்ற ஊரில் கோடரியால் வெட்டப்பட்டார். வெட்டியவன், தன் குடும்பத்தைச் செரோக்கித் தாக்குதலில் இழந்த வெள்ளை இளைஞன்.

உங்கள் பாத்திரம் துப்பாக்கிக்கு அஞ்சுவதைவிட, அரசின் பெயரால் அழைப்புக் கடிதம் கொடுப்பவருக்கு அஞ்சட்டும். செரோக்கி விவகாரங்களைக் கவனித்த, தென்மேற்கு ஆட்சிப்பகுதியின் (பின்னாளைய டென்னசி) ஆளுநர் வில்லியம் பிளவுன்ட் தாமே பெரும் நில வணிகர். அவருடைய சொந்த மாநிலமான வட கரோலினா, செரோக்கிகள் விட்டுக்கொடுக்காத நிலத்தையும் சேர்த்து, நூறு ஏக்கர் பத்து பவுண்டு என்று 1783இலேயே விற்பனைக்குத் திறந்துவிட்டது. நிலத்தை விற்றவர்களிடமே நிலத்துக்குச் சொந்தக்காரர்களைக் காக்கும் பொறுப்பையும் கொடுத்த நிர்வாகத்தை என்னவென்று சொல்வது! மொழிபெயர்ப்பாளர், வழிகாட்டி, விருந்தளிக்கும் வியாபாரி என எவர் வந்தாலும், அவர் பெயரில் நிலப்பத்திரம் இருக்கிறதா என்று உங்கள் தலைவர் முதலில் விசாரிக்கட்டும்.

விதிவிலக்கு ஒன்று உண்டு. அதை நன்றாகக் கவனியுங்கள். 1791இன் இறுதியில் பிளடி ஃபெல்லோ என்ற செரோக்கித் தலைவரின் குழு, பிளவுன்டின் கையை எதிர்பார்க்காமல், சார்ல்ஸ்டன் துறைமுகம் வழியாகப் பிலடெல்பியாவை அடைந்தது. அதே ஆண்டு செரோக்கிகளுடன் செய்துகொண்ட ஹோல்ஸ்டன் நில உடன்படிக்கையில் பிளவுன்ட் நெருக்கியதை நேரில் முறையிட்டு, நிலத்துக்கு ஈடாக அரசு தந்த 1,000 டாலர் ஆண்டுத் தொகையை 1,500ஆக உயர்த்திக்கொண்டே திரும்பியது. அதாவது, ஆளுநரைச் சுற்றிக்கொண்டு போனவர்கள் பிழைத்தார்கள், பலனும் பெற்றார்கள்.

கதைக்குத் தரைவழிதான் வேண்டும், தலைவர் கோயட்டியில்தான் தங்க வேண்டும் என்றால், அவர் காயமின்றித் தப்புவதற்குக் காரணம் ஒன்றைக் கண்டுபிடியுங்கள். பிலடெல்பியா சந்திப்பு நடந்தே ஆக வேண்டுமானால் ஆண்டை 1794க்கு மாற்றுங்கள். அவ்வாண்டு ஜூனில் செரோக்கித் தலைவர்கள் அங்கே கையொப்பமிட்ட உடன்படிக்கை, ஆண்டுத் தொகையை 5,000 டாலராக்கியது.